மூக்கால் சொன்ன ஜெபம்

சிரிக்க வைக்கிறேன், நிச்சயம். ஆனால் உடனே இல்லை. முதலில் என் அப்பாவுக்குப் பல் தந்தியடித்த கதையைக் கேளுங்கள்.

1978 டிசம்பர். மலேசியாவில் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரி. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் மெஷின் பல் ஒன்று உடைந்து தெறித்ததில், இரும்புத் துகள் அப்பாவின் வலது கண்ணில் ஏறிவிட்டது. இரண்டு கண்ணுக்கும் கட்டு. காலை பத்து மணிக்கு ஆபரேஷன்.

"தலை ஆடக்கூடாது. ஆடினா கண்ணு போயிடும்," என்றார் வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ்.

தலை மட்டுமா? கட்டிலே ஆடியது.

"போதகர் ஐயா வரணும். தலையில கை வச்சு ஜெபம் பண்ணணும். அதுக்கு முன்னாடி எவனும் என்னைத் தொடக்கூடாது," என்றார் அப்பா.

போதகர், பாகான் செராயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அங்கே வெள்ளம். ரோடு முழுகிவிட்டது, வர முடியாது என்று போன் வந்தாயிற்று.

கட்டிலருகே நவமணி அக்கா நின்றிருந்தார். எங்கள் சபையின் உதவி ஊழியர். நான்கு வருடம் வேதாகமக் கல்லூரியில் படித்தவர். போதகர் இல்லாத ஞாயிறெல்லாம் பிரசங்கம் அவர்தான்.

"அண்ணே, நான் ஜெபம் பண்ணட்டுமா?"

"நீங்க நல்லவங்கதாம்மா. ஆனா பொம்பளை கை என் தலையில வேணாம். ஐயா வரட்டும்."

அப்பா சபைச் செயலாளர். பெண்களுக்குப் போதகராகும் குருப்பட்டம் கூடாது என்று பேச ஆரம்பித்தால், தேநீர் ஆறிப்போகும். பேச்சு ஆறாது.

அம்மா என்னை நடைக்கு இழுத்தாள்.

"பாப்பா, நீ போதகர் மாதிரி பேசுவியே. போய்ப் பேசு."

எங்கள் போதகருக்குக் கீச்சுக் குரல். பாதி வார்த்தை மூக்கு வழியாகத்தான் வரும். அவரைப் போலப் பேசி சண்டே ஸ்கூலையே உருள வைத்தவள் நான். சீனக் கடை முதலாளி தவுக்கே, தோட்டத்துக் கணக்கர் கிராணி, கோழி விற்கும் காளியம்மா, எல்லாக் குரலும் என்னிடம் உண்டு. அதற்காக அப்பாவிடம் வாங்கிய அறையெல்லாம் என் கன்னத்துக்குத்தான் தெரியும்.

"சபையில மாட்டினா அறை கிடைக்கும். இங்க மாட்டினா அப்பா துள்ளி எழுந்துடுவாரும்மா. கண்ணு போயிடும்லா."

"ஆபரேஷன் பண்ணலன்னாலும் போயிடும்."

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதே."

இரண்டு பேரும் நவமணி அக்காவைப் பார்த்தோம்.

"ஏமாத்துறது பாவம்," என்றார்.

மிஸ்ஸி எட்டிப் பார்த்து, இன்னும் பத்தே நிமிடம் என்று விரலை விரித்துக் காட்டினார். உள்ளே அப்பா சின்னப் பிள்ளை மாதிரி முனகுவது கேட்டது.

அக்கா வளையலைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார்.

"நான் உன் காதுல சொல்றேன். நீ சத்தமாச் சொல்லு. கையை நான் வச்சுக்கிறேன், உன் கை சின்னது, தெரிஞ்சிடும்."

அக்காவின் கை அப்பாவின் தலையில் இறங்கியது.

"மாசிலாமணி," என்றேன் மூக்கால். "பயப்படாதே. நான் வந்துட்டேன்."

அப்பா அழுதுவிட்டார். "ஐயா, வெள்ளத்துல எப்படி வந்தீங்க?"

இதற்கு யாரும் பதில் சொல்லித் தரவில்லையே. நானாகவே மூக்கைத் திறந்தேன்.

"செங்கடலைப் பிளந்தவர் பாகான் செராய் ரோட்டைப் பிளக்க மாட்டாரா?"

"ஸ்தோத்திரம் ஐயா."

அக்கா காதில் சொல்லச் சொல்ல, நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. குரல் உடையக்கூடாது, அவ்வளவுதான் மனதில். ஒரு தும்மல் வந்தால் போதும், அப்பாவுக்கு ஒரு கண் இல்லை.

ஆமென் சொன்னபோது கட்டில் ஆடவில்லை.

"இப்ப தூக்கிட்டுப் போங்க மிஸ்ஸி," என்றார் அப்பா.

கண் தப்பியது. ஆனால் எங்களுக்குத் தூக்கம் போனது. "ஐயா மறுபடி வந்தாரா?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் அம்மா அடுப்பைப் பார்க்க ஓடுவாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் போதகர் வந்தார், கையில் ஒரு தாளோடு. நவமணிக்குக் குருப்பட்டம் கொடுக்கச் சபைக்குச் சம்மதமா என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். சம்மதமில்லை என்று எழுதிய பதில் அது. செயலாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பா பேனாவைத் திறந்தார். "வெள்ளத்தைத் தாண்டி எனக்காக வந்தீங்களே ஐயா. இந்தக் கண்ணு நீங்க கொடுத்தது."

போதகர் விழித்தார்.

பிறகு, "அது என் கடமைதானே, மாசிலாமணி," என்றார்.

நான் பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்பா விடவில்லை. "ஜெபத்தை முடிக்கிறப்ப, 'கிருபை நம் அனைவரோடும் இருப்பதாக'ன்னு சொன்னீங்க. நம்னு. நீங்களும் என்கூட அந்தக் கட்டில்ல படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. அதுலதான் எனக்கு நடுக்கமே நின்னுச்சு."

போதகர் சிரித்தார். "செயலாளர் நீயே இப்படிச் சொன்னா எப்படி? 'நம்' பட்டம் வாங்காதவங்க சொல்றது. நான் வாயைத் திறந்தா 'உங்கள் அனைவரோடும்'தான். இருபது வருஷத்துல ஒரு தடவை மாத்திச் சொன்னதில்ல."

பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

அப்பா போதகரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, குரல் உன்னுது. அந்தக் கை யாருது?"