பேர் சொல்ல ஒரு மலை

“ஏனுங்க... ஏனுங்கோ!”

கொல்லிமலைக் காட்டைப் பார்த்துக் கத்தினாள் வசந்தாமணி. “என்னாங்க?” என்று புதருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. எட்டிப் பார்த்தால், விறகுக் கட்டோடு எவரோ ஒருவர்!

“ஐயோ, உங்களை இல்லீங்க!”

மாமியார் பூவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். “இப்பிடிக் கூப்புட்டா ஊர்ப்பட்ட ஆம்பளைங்க வருவாங்க, எம்பையன் வரமாட்டான்.”

மாமனார் தீர்த்தகிரிக்கு ராசிபுரத்தில் பஸ் கம்பெனி. “வெள்ளைக்கார தொரை காட்டுக்குக் கூடாரம் கொண்டு போவான். நாம ஊட்டையே கொண்டு போவோம்!” என்று பழைய பஸ் ஒன்றின் ஸீட்டெல்லாம் பிடுங்கி, கட்டிலும் அடுப்பும் பொருத்திவிட்டார் மனுஷர். மகன் ஓட்ட, குடும்பமே கூத்தும் கும்மாளமுமாய் அடிவாரம் வந்து இறங்கியது. மாமனார் பக்கத்து ஊருக்குப் பால் வாங்கக் கிளம்பினார். வசந்தாமணி ஓடையில் குளித்துவிட்டு வந்தால், புருஷனைக் காணோம்!

“காட்டுக்குள்ள போனவன்தான் கண்ணு, இன்னும் வரல. கரடி வேற நடமாடுதாமா...”

“அத்தை, நீங்க கூப்புடுங்களே!”

“நான் கூப்புட்டா வேலை சொல்லுவேன்னு பதுங்கிக்குவான். நீ பேரைச் சொல்லிக் கூப்புடு.”

வசந்தாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றே மிரட்டி வைத்தவள் இந்த அத்தைதான். வழியில் சென்றாயப் பெருமாள் கோயிலைக்கூட வெறும் ‘பெருமாள் கோயில்’ என்று சொல்ல வைத்தவள்!

“ஆயுசு குறையுமுங்களே அத்தை?”

“கரடி கையில மாட்டுனா மட்டும் கூடுமா? கூப்புடு சாமி!”

வசந்தாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“சென்றாயன்!”

“றாயன்... றாயன்...” என்றது மலை.

ஐயோ, என்ன சுகம்! வாயெல்லாம் இனித்தது. பயத்திலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சென்றாயன்! ஏ சென்றாயன்!” என்று மூச்சு முட்டக் கூவினாள்.

“யாருடா அது?” பஸ் கூரைமேல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழுந்தது. சென்றாயனேதான்!

வசந்தாமணி அழுதேவிட்டாள். “மேல என்னங்க பண்றீங்க? உசுரே போயிருச்சு எனக்கு!”

“அம்மாதான் கம்பளியைக் குடுத்து, மேல போயித் தூங்குடான்னு ஏத்தி விட்டுச்சு!”

வசந்தாமணி வெடுக்கென்று திரும்பினாள். “ஏனுங்க அத்தை, இது நல்லா இருக்குதுங்களா?”

பூவாத்தாள் வெட்கப்பட்டுக்கொண்டு நெளிந்தாள்.

“கோவிச்சுக்காத கண்ணு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒரே ஒரு தடவை எம்புருசன் பேரைச் சொல்லிப் பாக்கோணும்னு எனக்கும் ஆசை. நான் மட்டும் சொன்னா நீ ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்ப. இப்ப நீயும் சொல்லிட்டயல்ல, யாரும் யாரையும் காட்டிக்குடுக்க முடியாது!”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றாள்.

“டேய்ய்... தீர்த்தகிரீ!”

பால் சொம்போடு ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்த பஸ் முதலாளி, ஓட்டமாய் ஓடி வந்தார்.

“வந்துட்டனுங்கோ!”