மலை தெரியும் வீடு

மாறன் விடிந்ததும் எழுந்தான். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டான். சமையலறையிலிருந்து பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் போனான். அதன் நுனியால் மோட்டார் சுவிட்சைத் தட்டினான். தொட்டி நிறைந்ததும் அதே கட்டையால் அணைத்துவிட்டு, வந்து பால் காய்ச்சினான்.

அந்தக் கட்டையால் பூரி தேய்த்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

வாசலில் வீட்டுத் தரகர் இருசப்பன் குரல் கேட்டது. "தம்பி, பார்ட்டி வருது. வேலூர்க்காரங்க, புருஷன் பொண்டாட்டி. அந்தம்மாவுக்கு மலையைப் பாத்த மாதிரி வீடு வேணுமாம். மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வெச்சிக்கோ."

"போன வாரம் வந்தவங்க என்ன ஆனாங்க?"

"வேங்கிக்கால் பக்கம் புது வீடே வாங்க ஆளில்லாம பூட்டிக் கெடக்குது. இது உங்கப்பா காலத்து வீடு. செவப்புத் தரை, சந்து மாதிரி பாத்ரூம். எவன் வருவான்?"

"வயரிங்காவது மாத்திடறேன்னேன். நீங்கதான் வேணாம்னீங்க."

"செவுத்தக் கொத்திப் போட்டா வர்றவன் ஏன், எதுக்குன்னு கேப்பான். நீ சும்மா இரு. பேசறது என் வேலை."

மாறன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டும். இன்னொரு கார்த்திகையை இந்த வீட்டில் அவனால் பார்க்க முடியாது.

அவன் மனைவி தென்றல் இறந்தது போன வருடத் தீபத்தன்று. சின்ன வயதுப் பெண் செத்த வீடு என்றதும் வந்தவர்கள் படியேறாமலே திரும்பினார்கள். அதற்கு இருசப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளூர் ஆட்களை விட்டுவிட்டு வெளியூர் ஆட்களாகப் பிடித்தார். சாவை மறைக்கவில்லை. அதையே விற்க ஆரம்பித்தார்.

ராஜேந்திரனும் அவர் மனைவி பொன்னியும் வந்தார்கள். செருப்பை வாசலிலேயே விட்டார்கள். ராஜேந்திரன் கூடத்துச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தட்டிப் பாக்க இது தர்பூசணி இல்ல சார்," என்றான் மாறன்.

இருசப்பன் அவன் காலை மிதித்தார். பொன்னி அலமாரியில் கை வைத்தார். "அதைத் தொறக்காதீங்க," என்றான் மாறன். அவர் பின்பக்கக் கதவை நோக்கி நடந்தார். "வெறுங்காலோட அங்க போகாதீங்க."

"தம்பிக்குக் கோவம் ஜாஸ்தி," என்றார் ராஜேந்திரன்.

"சம்சாரம் போனதுலருந்து இப்படித்தாங்க. நீங்க மாடிக்கு வாங்க," என்று இருசப்பன் அவர்களை மேலே தள்ளிக்கொண்டு போனார்.

மொட்டை மாடியில் நின்றால் எதிரே மலை. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. பொன்னி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருசப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"இங்கதாம்மா. போன தீபத்தன்னிக்கு. மலைமேல ஜோதி தெரியுது. இவரு சம்சாரம் கண்ணுல தண்ணி தாரதாரயா கொட்டுது. ரெண்டு கையையும் தூக்கி, அண்ணாமலையாரேன்னு ஒரே ஒரு சத்தம். அவ்ளோதான், அடங்கிடுச்சு. எத்தினி கிரிவலம் சுத்தினாலும் இந்தச் சாவு யாருக்குக் கெடைக்கும், சொல்லுங்க."

போன முறை சொன்னபோது தென்றல் கையில் கற்பூரத் தட்டு இருந்தது. இன்று கண்ணீர் புதிது. அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளிவிடலாமா என்று மாறனுக்கு இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பொன்னி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "என்னங்க, இதான் நம்ம வீடு. வேற எங்கயும் பாக்க வேணாம்."

"பேரம் எதுவும் பேசல. நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடறோம்," என்றார் ராஜேந்திரன்.

இருசப்பன் மாறனின் தோளைத் தட்டினார். அவன் தோளை விலக்கிக்கொண்டான். விற்றுவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

பொன்னி மலையைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். "இந்த எடத்துலயே ஒரு மாடம் கட்டணும். தெனமும் காலையில எழுந்து தலைக்கு ஊத்திக்கிட்டு, ஈரப் புடவையோடயே வந்து வெளக்கு வெக்கப் போறேன்." பிறகு மாறன் பக்கம் திரும்பினார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொண்ணு கடைசியா சொன்னதை உங்க வாயால ஒரு தடவ கேக்கணும். அண்ணாமலையாரேன்னுதானே சொன்னாங்க?"

இருசப்பன் அவனை முறைத்தார். ஒரு தலையாட்டல் போதும்.

மாறன் அந்த அம்மாவின் வெறுங்காலைப் பார்த்தான்.

"அவ மாடிக்கே வரலம்மா. நான்தான் இங்க அகல் வெச்சிக்கிட்டு இருந்தேன். அவ கீழ குளிச்சிக்கிட்டு இருந்தா. தலையில சீயக்காயோட பாத்ரூம்லருந்து குரல் குடுத்தா."

"தம்பி, வாய மூடு," என்றார் இருசப்பன்.

"என்னன்னு குரல் குடுத்தாங்க?" என்றார் பொன்னி.

மாறன் சொன்னான்.

"தண்ணி நின்னுடுச்சுங்க. நீங்க வெளக்கு ஏத்துங்க, நானே போய் மோட்டார் போட்டுக்கறேன்."