மார்லிஸின் கேரட் கிண்ணம்

"தான் செஞ்சதைத் தானே ஒரு வாய் தொட மாட்டாங்க. அதை ஊரே சாப்பிடணுமாம்."

தேவாலயத்துச் சமையலறையில் மேஜை விரிப்பை உதறிக்கொண்டே டெப்ரா பொரிந்து தள்ளினாள். உதவிக்கு வந்த நான்சி சிரித்தாள். யாரைச் சொல்கிறாள் என்று கேட்கவே வேண்டியதில்லை.

மார்லிஸைத்தான்.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுவார்கள். இறைச்சியும் சீஸும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ், க்ரீம் மிதக்கும் சாலட். நடுவே மார்லிஸின் கிண்ணம். தோல் சீவித் துருவிய கேரட்டும் ஆப்பிளும், குழைய வேகவைத்து ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். வெண்ணெய்கூடக் கிடையாது.

கொண்டுவந்த கிண்ணத்தை அப்படியே திருப்பி எடுத்துப்போவதைவிடப் பெரிய அவமானம் அந்த ஊரில் இல்லை. அதிலிருந்து மார்லிஸைக் காப்பாற்றுபவர் டெப்ராவின் அப்பா வெண்டல்.

"யார் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் பல்லு முளைக்கலை?" என்று கூடம் அதிரக் கேலி செய்வார். பிறகு தட்டு நிறைய அள்ளிக்கொள்வார். "பாவம், தனி ஆளு. கிண்ணத்தோட அழுதுக்கிட்டே போகும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கண்ணடிப்பார்.

அப்பாவுக்கு என்ன தலையெழுத்து? இன்று அறுவடை விருந்து. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று டெப்ரா தீர்மானித்திருந்தாள். முதல் நாளே மார்லிஸுக்கு போன் செய்து பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இந்தத் தடவை நீங்க பன் கொண்டு வாங்களேன்."

"அதுக்கென்ன, பன்னும் கொண்டு வரேன்" என்றாள் மார்லிஸ்.

சொன்னபடியே பன்னும் வந்தது, கிண்ணமும் வந்தது. டெப்ரா சிரித்த முகத்தோடு வாங்கினாள். பன்னை மேஜையில் வைத்தாள். கிண்ணத்தைச் சமையலறையில் காபிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

விருந்து தொடங்கியது. வெண்டல் தட்டோடு மேஜையைச் சுற்றி வந்தார். இன்னொரு முறையும் சுற்றினார். கடைசியில் ஒரே ஒரு பன்னோடு போய் உட்கார்ந்தார்.

"என்னப்பா, ஹாட்டிஷ் எடுத்துக்கலையா?"

"காலைல கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டேன்." பன்னை மெல்லப் பிய்த்தார். "ஆமா, அந்தப் பச்சைப்பிள்ளைச் சாப்பாடு எங்க, இன்னிக்கு வரலையா?"

"அதுகிட்டேயிருந்து உங்களைக் காப்பாத்திட்டேன்பா."

வெண்டல் சிரிக்கவில்லை.

மூலையில் இருந்த மார்லிஸ் எழுந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். கிண்ணத்தைத் தேடி எடுத்து, சூடு பண்ணி, கொண்டுவந்து வெண்டலின் முன்னாலேயே வைத்தாள்.

"டெப்ரா மறந்துபோய் உள்ளேயே வெச்சுட்டா போல."

"வந்துடுச்சுய்யா!" என்றார் வெண்டல். கூடமே சிரித்தது. அவர் தட்டு நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் காலியும் ஆனது.

விருந்து முடிந்து மார்லிஸ் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். டெப்ரா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"வெளிப்படையாவே சொல்றேன், மார்லிஸ். அப்பா உங்க மேல பரிதாபப்பட்டுத்தான் இதைச் சாப்பிடறார். நீங்களே இதைத் தொடறதில்லை."

"எனக்கு ஆப்பிள் ஆகாதும்மா. கையுறை போட்டுத்தான் துருவறேன். அப்படியும் பாரு."

அவள் மணிக்கட்டெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"அப்புறம் எதுக்கு இதையே செய்யறீங்க?"

"எங்க வீட்டுக்காரர் ராய் உயிரோட இருந்த கடைசி வருஷம், அவருக்கு இது ஒண்ணுதான் வயித்துல தங்கும். வெளியில சொல்ல வெட்கம். இங்க வந்து எல்லாரோடவும் பன்னைப் பிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் வர்றதையே நிறுத்திட்டார்." மார்லிஸ் குழாயை மூடினாள். "போன குளிர்காலத்துல உங்கப்பா பன்னைப் பிச்சதைப் பார்த்தேன்."

டெப்ரா பரிமாறும் ஜன்னல் வழியே கூடத்தைப் பார்த்தாள். அப்பா யாரிடமோ சத்தமாக ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கழுத்து எவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது. பெற்ற மகள், இதைக்கூடப் பார்க்கவில்லையே. அவள் கதவை நோக்கி ஓடப்போனாள்.

ஈரக் கையால் அவளைப் பிடித்து நிறுத்தினாள் மார்லிஸ்.

"டாக்டர்கிட்ட போயிட்டுதான் இருக்கார். மத்ததை வீட்ல வெச்சுக் கேளு, இங்க வேணாம். அவர் என் மேல பரிதாபப்பட்டுத்தான் சாப்பிடறார், டெப்ரா. அது அப்படியே இருக்கட்டும்."