ராத்துவுக்கு இன்னும் சரியாகவில்லை

வாயைத் திறக்கச் சொல்லி என் கணவர் ஒரு பச்சோந்தியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சொட்டு, கண்ணு. அப்பா சொன்னா கேப்பல்ல?"

அப்பாவாம்.

பெற்ற மகள் லெஸ்தாரிக்கு இந்த மனிதர் ஒரு கரண்டி இருமல் மருந்து கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அப்போதெல்லாம் சுராபாயா போகும் பஸ்ஸின் ஸ்டியரிங்கைவிட முக்கியமான பொருள் அவருக்கு உலகத்தில் கிடையாது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சை இரண்டு விரலில் பிடித்தபடி, பிளாஸ்டிக் முக்காலியில், பல்லியின் பெரியம்மா முன்னால் பவ்யமாக உட்கார்ந்திருக்கிறார்.

அப்பள டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசிக்குள்ளிருந்து லெஸ்தாரி பார்த்துக்கொண்டிருந்தாள். தைவானில் அவளுடைய தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளை.

"இன்னும் கறுப்பாவே இருக்காளே," என்றாள்.

"ஆமா," என்று இவர் விட்ட பெருமூச்சில் கூண்டின் இலைகள் ஆடின.

போன வருஷம் லெஸ்தாரி, கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று பாகஸை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கொஞ்ச காலத்துக்குள் மூன்று வேலை மாறியவன். அவனுக்கு வைத்த காப்பி ஆறுவதற்குள் இவர் அவனைப் பச்சோந்தி என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மகள் சந்தைக்குப் போய் நிஜப் பச்சோந்தி ஒன்றை வாங்கிவந்து, கூண்டோடு கூடத்தில் வைத்தாள். பெண். பெயர் ராத்து, அதாவது ராணி.

"இதுகூட இருந்து பழகிக்கோங்க," என்றாள். அப்பாவிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அடுத்து விமானம் ஏறினாள். பாகஸும் பின்னாலேயே போனான்.

வாராவாரம் என்னை அழைப்பாள். ராத்துவைக் காட்டச் சொல்வாள். அப்பாவைக் காட்டச் சொன்னதில்லை. இவரும் கூண்டைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ராத்து ஒரு கண்ணால் இவரையும் மற்றொரு கண்ணால் சுவரையும் பார்ப்பாள். சுவர்தான் தேவலை என்று நினைத்திருப்பாள்.

மழை தொடங்கிய சமயத்தில் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். வயிறு வீங்கிப்போய், பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். விழித்தால் கூண்டின் தரையைப் பிறாண்டினாள். நான் கைபேசியில் சொன்னதும் லெஸ்தாரி அழுதாள்.

அந்த அழுகை இவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். தன் மழைக்கோட்டைக் கூண்டுக்குப் போர்த்தினார். மோட்டார் சைக்கிளை எடுத்தார். பின்னால் நான், என் மடியில் கூண்டு. எனக்கு மழைக்கோட்டு கிடையாது. நான் முட்டை போடும் வயதைத் தாண்டியவள்.

ஆம், முட்டைதான்.

"ஆண் இல்லாட்டியும் முட்டை வரும், ஐயா," என்றார் கால்நடை டாக்டர். "புதைக்க ஈர மண்ணு இல்லாம அடக்கி வச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா செத்திருக்கும்."

வாளி நிறைய ஈர மணல் வந்தது. சிரிஞ்சில் சுண்ணாம்புச் சத்து மருந்து வந்தது. சுற்றிலும் திரை கட்டினோம். யாராவது பார்த்தால் முட்டை போடாதாம். பிரசவத்தை எட்டிப் பார்க்காமல் இருப்பதில் என் கணவருக்கு முன் அனுபவம் உண்டு.

அன்று சாயங்காலம் லெஸ்தாரி முதல் முறையாக இவருடைய கைபேசிக்கே அழைத்தாள். "அவ எப்படி இருக்கா?" அவ்வளவுதான் கேட்டாள். மறுநாளும் அதையே கேட்டாள். பிறகு தினமும்.

இன்றைக்கு இவர் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பையன்... பாகஸ். அவனுக்கு இதப்பத்தி ஏதாவது தெரியுமா? கேட்டுத்தான் பாரேன்."

அடுப்பில் நான் பொரித்துக்கொண்டிருந்த சோயாபீன் தெம்பே கருகியது. கருகட்டும் என்று விட்டேன்.

"கேக்குறேன்," என்றாள் லெஸ்தாரி. கொஞ்சம் பொறுத்து, "நீங்க சாப்பிட்டீங்களாப்பா?"

காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

"அவ இன்னும் சாப்பிடல," என்றார்.

அழைப்பு முடிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் நெடுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து போய், மகள் அழைப்பதற்கு முன்னால் அணைத்து வைத்திருந்த கூண்டு விளக்கைப் போட்டார்.

குளிரில் கறுத்துக் கிடந்த ராத்து, சூடு ஏற ஏற வாழைக்குருத்துப் பச்சைக்கு வந்தாள். இவர் ஒரு வெட்டுக்கிளியை நீட்டினார். நாக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மகாராணி அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

முட்டையெல்லாம் போட்டு முடித்து இரண்டு வாரமாகிறது. சிரிஞ்சில் இருப்பது வெறும் தண்ணீர்.

"நாளைக்கும் கறுப்பாத்தான் இருப்பாளோ?" என்று கேட்டேன்.

"சீக்குன்னா உடனே சரியாயிடுமா? உனக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தார்.

வாஸ்தவம். எனக்கு என்ன தெரியும்? முட்டை போட்ட அன்றைக்கே நான் மணலைக் கிளறிப் படமெடுத்து லெஸ்தாரிக்கு அனுப்பியது தெரியும். அவள் அடுத்த நிமிஷமே என்னைக் கூப்பிட்டு, சிரித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னதும் தெரியும்.

"எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. நாளைக்கும் கூப்பிடணும்."