நாத்தனார் கடைப் பலகை

பெயர்ப்பலகை அச்சடிப்பவளுக்கு அன்று வாய்த்த வாடிக்கையாளர் சொந்த நாத்தனார். விரட்டவும் முடியாது, முறைக்கவும் முடியாது. சாயங்காலம் தையல்கடை திறப்பு. தூரிகையால் எழுதியதுபோன்ற ஃபான்ட், அரக்கு நிறம்தான் வேண்டுமாம்.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சிருங்க அண்ணி."

காலையிலிருந்து இதே பாட்டு. ஒவ்வொரு தடவை கடைப் பெயரைத் திரையில் அடிக்கும்போதும் எழுத்து வெளிறிக்கொண்டே போனது, மை தீர்ந்த தூரிகை இழுத்ததுபோல. கம்ப்யூட்டருக்குள் ஏது மை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முதல்ல அடிச்சீங்களே, அதே மாதிரி பளிச்சுனு போட்டுருங்களேன்."

திரும்பிப் பார்த்தால் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட்டையே காணோம்.

"அதுக்கே அலுத்துப்போச்சும்மா," என்று சொல்லி மேசையிலிருந்த டம்ளரை எடுத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் யாரோ தூரிகையை அலசியிருந்தார்கள். அரக்கு நிறம் இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.