ஆறு மணிக்குத் திறக்கும் பாதை

எங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் சோலார் பலகைகள். அங்கிருந்து ஆறு மாவட்டங்களுக்கு மின்சாரம் போகிறது. நாங்கள்தான் பகலில் எங்கும் போக முடியாது. காலை ஒன்பதரைக்குப் பலகைகள் வெயிலைப் பார்த்து விரிந்ததும் பாதை மூடிக்கொள்ளும். மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கும்.

தமயந்தி அக்காவைப் பெண் பார்க்கக் காலை எட்டரைக்கு வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனபின் மாப்பிள்ளையின் அம்மா கை கழுவிவிட்டு, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று எழுந்தார். மணி ஒன்பது முப்பத்தைந்து.

அப்பா பாயை மறுபடி விரித்தார்.

"உக்காருங்க தங்கச்சி. இங்கயே சொல்லிருங்க."

மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அந்த அம்மா வெயிலைப் பற்றியே பேசிச் சமாளித்தார். பிறகு முடியவில்லை.

"பொண்ணு தங்கம்ணே. ஆனா தலைப்பிரசவத்துக்கு இங்கதான அனுப்பணும்? பகல்ல வலி வந்துட்டா?"

அப்பா யோசித்தார். "நல்லா மேகம் போட்டா நடுவுலயும் திறக்கும்."

எல்லோரும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். மேகமே வராத ஊராகத் தேடித்தான் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள்.

அக்கா மட்டும் வெளியே வரவில்லை. சாயங்காலப் பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.