சொட்டு நீலம்

கணவர் ஸ்டுடியோ படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் அவர் கலர் போட்டு முடித்த கல்யாணப் படங்களைத் திறந்தாள்.

மாப்பிள்ளையின் வேட்டி, சொட்டு நீலத்தில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. தாலிக் கயிறு பச்சை. நல்லவேளை, பெண்ணின் அம்மா இதைப் பார்க்கவில்லை.

நீலத்தை இறக்கினாள். மஞ்சள் திரும்பி வந்தது.

கான்ட்ராஸ்டையும் கண்டபடி ஏற்றியிருந்தார். பெண்ணின் கூந்தலும் பின்னாலிருந்த தூணும் ஒரே இருட்டு. கொஞ்சம் தளர்த்தியதும் மல்லிகைச் சரம் தெரிந்தது.

அவருக்குக் கண்ணில் புரை. வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. அதனால் நீலத்தை அள்ளிக் கொட்டுகிறார். முகூர்த்த சீசன் முடியட்டும், ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்பார். சீசன் முடிந்ததும் வேறு பேச்சு எடுப்பார். மண்டபத்தில் படம் எடுக்கச் சம்பந்திகளையே அதட்டி நிற்க வைக்கும் மனுஷன், ஊசி என்றால் மட்டும் பச்சைப் பிள்ளை.

கலர் என்றால் திண்டுக்கல்லில் அவர்தான் என்று பெயர். அந்தப் பெயர் கெடக் கூடாது. தன் கை தவறுகிறது என்று அவருக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் உடைந்துபோவார்.

ஆகவே தினமும் அவர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் இந்தத் திருட்டு வேலை.

வாசலில் நிழல் விழுந்தது.

பர்ஸை மறந்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் மேசையைத் தடவி பர்ஸை எடுத்துக்கொண்டார். திரையைப் பார்க்கவில்லை.

"இன்னைக்குப் படம் நிறைய இருக்கு. நான் ரெண்டு டீயா குடிச்சிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுந்து, ஓரத்தில் கிடந்த ஸ்டூலை நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"என்னங்க, வந்து உக்காருங்க. என்ன கலர்னு நான் சொல்றேன். எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க."

அவர் பர்ஸைச் சட்டைப் பையில் போட்டார்.

பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

புடவை என்ன நிறம் என்று கேட்டார். அரக்கு என்றாள். சரிகை தெரிகிறதா என்றார். மங்கல்தான் என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சிவப்பை ஒரு நூல் ஏத்து. அதுக்கு மேல வேணாம்."

ஏற்றினாள்.

மிகச் சரியாக இருந்தது.